அரசு தரும் ஆயிரமும் அப்பா தர வேண்டிய பணமும்

“அதான் கவர்மெண்டு மாசம் ஆயிரம் குடுக்குதுங்களே, அப்புறம் நான் எதுக்குங்க தரோணும்?” பிள்ளைச் செலவுக்குப் பணம் கேட்டால், பிரிந்துபோன கணவர்கள் சிலர் இப்படித்தான் திருப்பிக் கேட்கிறார்கள். வால்பாறை எஸ்டேட் லைன் வீடுகளில் பிள்ளைகளோடு தனித்து நிற்கும் பெண்கள் இதற்கான பதிலைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசு உதவியைக் காட்டி அப்பா தன் பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஜீவனாம்சச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை.

2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவியின் உழைப்பை மதித்துத் தருவது. ஒரு பிள்ளை இருந்தாலும் மூன்று இருந்தாலும் தொகை மாறாது. அது பிள்ளைக்கான பணமே அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க, டொரொண்டோவில் வாழும் தமிழர்களுக்கு, பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, குடும்ப வருமானம் பார்த்துக் கனடா அரசு மாதாமாதம் பணம் தருகிறது. பிரிந்த பெற்றோர் தர வேண்டிய தொகையோ அவரவர் வருமானத்தை வைத்துத் தனி அட்டவணைப்படி முடிவாகிறது. பிள்ளைக்கென்றே அரசு பணம் தரும் நாட்டிலும் இரண்டு கணக்கும் தனித்தனிதான்.

இங்கே வழி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான் அது. வசதி இருந்தும் மனைவியையும் பிள்ளைகளையும் கவனிக்காதவரிடம் மாதத் தொகை கேட்கலாம். பிள்ளை தன் பெயரிலேயே கேட்கலாம். கணவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாலும், மனைவி வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே மனு போடலாம். தாயும் சம்பாதித்தால் பிள்ளைச் செலவை இருவரும் வருமானத்துக்கு ஏற்பப் பகிர வேண்டும் என்று 2000இல் பத்மஜா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் கணக்கில் வரும். ஆனால் மனைவிக்கு அவரது சொந்தத் தந்தை விரும்பிக் கொடுத்த பணத்தை அவரது வருமானமாகக் கொள்ள, 1970இல் குல்பூஷண் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் மறுத்தது. அரசு உதவி பற்றிய தீர்ப்பல்ல அது. என்றாலும் பிறர் தரும் ஆதரவு கணவரின் கடமையைக் குறைக்காது என்று வாதிட நல்ல துணை.

அதற்காக அந்த ஆயிரத்தை மறைக்கக் கூடாது. 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பின், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாம் காட்டிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். வங்கிப் புத்தகத்தில் உள்ள வரவைச் சொல்லாமல் விட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை வைத்தே உங்கள் மற்றப் பேச்சையெல்லாம் பொய்யாக்கிவிடுவார். கணவரது சம்பளச் சீட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

உண்மையான சிக்கல் மறுபக்கம் இருக்கிறது: கணவரைப் பிரிவது அரசு உதவியைத் தொடும் இடம். உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். பிரிந்து வந்த பெண் தன் அம்மா வீட்டு அட்டையில் பெயர் சேர்த்தால், அங்கே அம்மா ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பார். ‘மிஷன் வாத்சல்யா’ திட்டம் கைவிடப்பட்ட, விவாகரத்தான தாயின் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் தர வழி வைத்திருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்க வேண்டும். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. வால்பாறை நகராட்சி என்பதால் 96,000 வரம்பையே கேளுங்கள். அதுகூட மாதம் 8,000தான். நாள் தவறாமல் மலையேறும் நிரந்தரத் தொழிலாளியின் சம்பளமே இதைத் தாண்டிவிடக்கூடும். இது மிகக் குறைவான வரம்பு, உயர்த்தியே ஆக வேண்டும். வருமானச் சான்று வாங்கும்போது, நீதிமன்ற ஆணையில் எழுதிய ஜீவனாம்சத்தை மட்டும் காட்டாமல், வந்த மாதம் எது, வராத மாதம் எது என்று வங்கிப் புத்தகத்தோடு காட்டுங்கள்.

வராத ஜீவனாம்சத்துக்கு வாரண்ட் கேட்க, அது தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். கணவர் சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி அழியாது என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், 15100 எண்ணிலும் அழைக்கலாம்.