சிகாகோ உலகக் கண்காட்சியில் இலங்கை (1893)

சிகாகோ உலகக் கண்காட்சி என்பது கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த 400ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1893ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பொருட்காட்சி ஆகும். பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த இலங்கை, இதில் தனக்கெனத் தனி மண்டபம் அமைத்துப் பங்கேற்றது. அமெரிக்கச் சந்தையில் இலங்கைத் தேயிலையை அறிமுகப்படுத்துவதே அதன் முதன்மை நோக்கம். ஒரு குடியேற்ற நாடு பன்னாட்டுப் பொருட்காட்சிக்கு எவ்வாறு ஆயத்தமானது, அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, நாட்டின் எந்த முகம் அங்கே காட்டப்பட்டது என்பவற்றை அறிய இது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னணி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கை மலைநாட்டின் முதன்மைப் பயிர் காப்பி. 1869இல் காப்பி இலைகளில் துரு போன்ற ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. தோட்ட முதலாளிகள் பலர் கடனில் மூழ்கினர்.

இதற்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கர் பரப்பில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1873இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலை வெறும் 23 ராத்தல். காப்பி அழிந்த நிலங்களில் தேயிலை பரவியதால், 1890களின் தொடக்கத்தில் ஏற்றுமதி பல கோடி ராத்தலாகப் பெருகியது. விளைச்சல் பெருகப் பெருக, இலண்டன் சந்தை ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் விலை சரியும் என்ற அச்சம் எழுந்தது.

அமெரிக்கா பெரிய சந்தை. ஆனால் அங்கே தேநீர் அருந்தியவர்களுள் பலர் சீனா, ஜப்பான் நாடுகளின் பச்சைத் தேயிலைக்குப் பழகியவர்கள். இலங்கையின் கறுப்புத் தேயிலையின் சுவையை அவர்கள் அறிந்திருக்கவில்லை. விளம்பரத்தால் மட்டும் சுவையைப் பழக்க முடியாது. குடித்துப் பார்க்கச் செய்ய வேண்டும். சிகாகோ கண்காட்சி அதற்கு வாய்ப்பளித்தது.

பணம் திரட்டிய முறை

பன்னாட்டுப் பொருட்காட்சிகளில் பங்கேற்கும் குடியேற்ற நாடுகள் பொதுவாக ஓர் ஆணையாளரை நியமித்து, அவர் பொறுப்பில் எல்லாப் பணிகளையும் ஒப்படைத்தன. இலங்கையின் ஆணையாளராக ஜே. ஜே. கிரின்லிண்டன் பணியாற்றினார். அப்போது இலங்கையின் ஆளுநராக இருந்தவர் சர் ஆர்தர் ஹேவ்லாக். இவர் பின்னர் 1896 முதல் 1900 வரை சென்னை மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தார்.

பெரிய சிக்கல் பணம். 1854இல் தொடங்கப்பட்ட இலங்கைத் தோட்ட முதலாளிகள் சங்கம், 1880களின் இறுதியில் தேயிலை விளம்பரத்திற்காக ஒரு நிதியைத் திரட்டியது. அது விருப்பக் கொடையாக இருந்ததால், சிலர் கொடுத்தனர், சிலர் கொடுக்கவில்லை. ஆனால் விளம்பரத்தின் பயன் கொடுத்தவருக்கும் கொடாதவருக்கும் ஒன்றாகவே கிடைத்தது. பொதுநன்மைக்குப் பணம் திரட்டும் எந்த அமைப்பும் சந்திக்கும் சிக்கல் இது.

இதற்குத் தீர்வாக, ஏற்றுமதியாகும் தேயிலையின் எடைக்கு ஏற்ப ஒரு சிறு தீர்வையை அரசே விதித்து வசூலிக்கும் முறை சிகாகோ கண்காட்சியையொட்டிக் கொண்டுவரப்பட்டது. வரி கேட்டுத் தோட்ட முதலாளிகளே அரசை அணுகியது இதன் தனித்தன்மை. தீர்வை எல்லாருக்கும் பொதுவானதால், எவரும் ஒதுங்கி நிற்க முடியவில்லை.

இலங்கை மண்டபம்

சிகாகோவின் ஜாக்சன் பூங்காவில் அமைந்த இலங்கை மண்டபம் கண்டிக் கட்டடக் கலைப் பாணியில் உருவாக்கப்பட்டது. இலங்கை மரங்களைக் கொண்டே தூண்களும் பலகைகளும் செய்யப்பட்டன. பழைய கோயில்களிலும் விகாரைகளிலும் காணப்படும் செதுக்கு வேலைப்பாடுகள் அவற்றில் இடம்பெற்றன. சிகாகோ கடற்கரை நகரம் அன்று. எனவே கப்பலில் சென்ற பொருட்கள் அமெரிக்கத் துறைமுகத்தை அடைந்த பின்னும் நெடுந்தொலைவு பயணம் செய்ய வேண்டியிருந்தது. கண்காட்சி தொடங்கும் நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்ததால், மரம் தேர்வு முதல் கப்பலேற்றம் வரை ஒவ்வொரு பணியும் காலக் கணக்குடன் நடக்க வேண்டியிருந்தது.

தேயிலை, கறுவா, தென்னைப் பொருட்கள், இரத்தினக் கற்கள், கருங்காலி மரவேலை, யானைத் தந்த வேலைப்பாடுகள் முதலியன காட்சிக்கு வைக்கப்பட்டன. மண்டபம் தவிர, பெண்கள் கட்டடத்திலும் இலங்கைத் தேநீர் அறை ஒன்று நடத்தப்பட்டது. மரபு உடையணிந்த சிங்களப் பணியாளர்கள் பார்வையாளர்களுக்குத் தேநீர் பரிமாறினர். 1893 மே 1 முதல் அக்டோபர் 30 வரை நடந்த கண்காட்சிக்குச் சுமார் 2 கோடியே 70 லட்சம் வருகைகள் பதிவாயின.

காட்டப்படாதவர்கள்

கண்டி மன்னர்காலக் கலையும் சிங்களப் பணியாளர்களும் அமெரிக்கர் கண்ட இலங்கையின் முகமாயினர். ஆனால் அவர்கள் பருகிய தேயிலையைப் பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள்.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கங்காணிகள் வழியாக அழைத்துச் செல்லப்பட்டவர்கள் இவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாடு வரை நடந்து சென்றவர்கள் பலர். வழியில் நோயுற்று இறந்தவர்களும் பலர். காப்பிக் காலத்தில் அறுவடைப் பருவம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே அவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கலாயினர். கொழுந்து பறிப்பதில் பெண்களின் பங்கே மிகுதி.

கண்காட்சிக்கான தீர்வை தேயிலையின் எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டது. அந்த எடையை உண்டாக்கியது இவர்களின் உழைப்பு. 1833இல் தொடங்கிய இலங்கைச் சட்டசபையில் ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு நியமன உறுப்பினர்கள் இருந்தனர். 1889இல் கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடம் கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கென ஓர் இடமும் அப்போது இல்லை. தீர்வையைக் கேட்ட முதலாளிகளுக்கு அங்கே குரல் இருந்தது. கூடை சுமந்தவர்களுக்கு இல்லை.

பின்விளைவுகள்

கண்காட்சிக்குப் பிறகும் தேயிலைத் தீர்வை தொடர்ந்தது. அத்தொகையை வெளிநாட்டு விளம்பரத்திற்குச் செலவிட முப்பது உறுப்பினர் கொண்ட குழு ஒன்று அமைக்கப்பட்டது. பயனடையும் தொழிலே தன் விளம்பரச் செலவைத் தீர்வையாகச் செலுத்தும் இம்முறை, பிற்காலத்தில் இந்தியாவிலும் தேயிலைக்கு மேற்கொள்ளப்பட்டது.

இலங்கை மண்டபம் விற்கப்பட்டு, பிரித்தெடுக்கப்பட்டு, விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள ஜெனீவா ஏரிக் கரையில் ஒரு செல்வரின் கோடை இல்லமாக மீண்டும் எழுப்பப்பட்டது. பின்னாளில் அதுவும் இடிக்கப்பட்டது.

மண்டபம் மறைந்தாலும் தேயிலை நிலைத்தது. இலங்கை என்ற பெயர் உலகெங்கும் தேநீரோடு சேர்த்தே அறியப்பட்டது. எனினும் 1948இல் நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால், அப்பெயரைத் தம் உழைப்பால் உலகறியச் செய்த மலையகத் தமிழருள் பெரும்பாலோர் குடியுரிமை அற்றவர்களாயினர். ஒரு நாடு தன்னை உலகுக்குக் காட்டும்போது யாரை முன்னிறுத்துகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதையும் மாணவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்குச் சிகாகோ மண்டபத்தின் வரலாறு சான்றாக உள்ளது.