பச்சைக்கும் பூச்சிக்கும் என்ன தொடர்பு?

பிசான பருவத்துல பாளையங்கால் வயல்கள் கரும்பச்சையா நின்னா, விளைச்சல் அள்ளும்னு நினைப்போம். ஆனா புகையானுக்கும் அந்தப் பச்சைதான் பிடிக்கும்.

காரணம் வேரில் தொடங்குகிறது. யூரியா கூடினால் பயிர் தேவைக்கு மேல் நைட்ரஜனை உறிஞ்சும். சாற்றில் அமினோ அமிலங்கள் கூடும், தண்டு மென்மையாகும். புகையான் குடிப்பது அந்தச் சாற்றைத்தான். நல்ல சாப்பாடு கிடைத்தால் முட்டையும் அதிகம் இடும். கடைசியில் வயல் வட்டவட்டமாகத் தீய்ந்துபோகும்.

சிலிக்கா இதற்கு நேர்மாறு. நெல் வேர் அதை உள்ளே இழுக்க உதவும் மரபணுவை 2006-ல் ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழக விஞ்ஞானி ஜியான் ஃபெங் மாவின் குழு கண்டுபிடித்தது. பெயர் எல்எஸ்ஐ1. அது உருவாக்கும் புரதம்தான் வேரில் சிலிக்காவுக்கு வாசல். உள்ளே போன சிலிக்கா இலையிலும் தண்டிலும் படிந்து இறுகும். தண்டுத் துளைப்பான் புழு கடித்தால் அதன் பல்தான் தேயும்!

உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். வைக்கோலும் உமியும் வயலை விட்டுப் போனா, அந்தக் கவசமும் கூடவே போகுது.

ஊர்ல வயல் இருக்கா? அடுத்த யூரியா மூட்டையைப் பிரிக்கும் முன் இலை வண்ண அட்டையை இலையோடு வச்சுப் பாருங்க. அட்டையில் சொன்ன நிறத்தைவிட வெளுத்திருந்தால் மட்டும் போடுங்க. பேட்டரி, வைஃபை எதுவுமே வேண்டாத சென்சார் அது.