செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான இணையப் பகுப்பாய்வு வினவல் கருவியை ஆவணப்படுத்தல்: விக்கிமீடியா பக்கப் பார்வைத் தரவை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்
இணையதள வருகைத் தரவை மனிதர்களின் சார்பில் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் வினவிப் பெறும் நிலை உருவாகியுள்ளது. எண்ணைப் பெறும் வழியை மட்டும் கூறி, அவ்வெண்ணின் பொருளைக் கூறாத ஆவணம் முகவரைப் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: செயற்கை நுண்ணறிவு முகவர், வினவல் கருவி, பக்கப் பார்வை, ஆவணப்படுத்தல், தமிழ் விக்கிப்பீடியா

முன்னுரை
பயனர் இயல்பான மொழியில் கேட்கும் வினாவுக்கு உரிய கருவியைத் தெரிவுசெய்து, உள்ளீடுகளை நிரப்பி, கிடைத்த தரவைக் கொண்டு விடை எழுதுவது முகவரின் பணியாகும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையில் ஒவ்வொரு கருவியும் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு ஆகியவற்றால் அறிமுகமாகிறது. ஐயம் எழுந்தால் மனிதர் பிறரிடம் கேட்டுத் தெளிவார். முகவரோ விளக்கத்தில் இல்லாததைத் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்ளக்கூடும்.

கருவியின் உள்ளீடுகள்
விக்கிமீடியாவின் பக்கப் பார்வைச் சேவை 2015 ஜூலை முதலான தரவை வழங்குகிறது. ஒரு கட்டுரைக்கான வினவலில் திட்டம், அணுகும் வழி, முகவர் வகை, கட்டுரைத் தலைப்பு, கால அலகு, தொடக்க நாள், முடிவு நாள் ஆகியன இடம்பெறும். 2024 ஜனவரி முதல் நாளை 20240101 என எழுத வேண்டும். நாள் என்பது ஒருங்கிணைந்த உலக நேரத்தைச் சார்ந்தது. இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கே புதிய நாள் தொடங்குகிறது. விழா நாள் ஒன்றின் வருகையை ஆராய்வோருக்கு இக்குறிப்பு இன்றியமையாதது.

சொல்லின் பொருள் வரையறை
இச்சேவையில் 'முகவர் வகை' என்பது பக்கத்தைப் பார்த்தவர் யார் என்பதைக் குறிக்கும். வினவலை அனுப்பும் செயற்கை நுண்ணறிவு முகவரைக் குறிக்காது. ஒரே சொல் இருபொருள் தருவதால் ஆவணம் இதனைத் தெளிவுறக் கூற வேண்டும். 'யூசர்' என்பது மனிதப் பயனரையும், 'ஸ்பைடர்' என்பது தம்மை அடையாளப்படுத்திக்கொள்ளும் தானியங்கிகளையும் சுட்டும். அடையாளம் காட்டாத தானியங்கிகளுக்கென 'ஆட்டோமேட்டட்' என்னும் வகை 2020இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் அத்தகைய வருகைகள் பயனர் கணக்கிலேயே இருந்தன. எனவே 2019, 2021 ஆகிய ஆண்டுகளை ஒப்பிடும் முகவர், வகைப்பாட்டு மாற்றத்தால் நேர்ந்த குறைவை வாசகர் குறைவு என அறிக்கையிடக்கூடும். மேலும், பக்கப் பார்வை என்பது வாசகர் எண்ணிக்கை அன்று. ஒருவரே பலமுறை பார்த்திருக்கலாம்.

தமிழ்த் தலைப்புகள்
தமிழ்த் தலைப்பை இணைய முகவரியில் சேர்க்கும்போது குறியேற்றம் செய்ய வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் ஒருங்குறியில் ஐந்து குறியீடுகளைக் கொண்டது. அவை 15 பைட்டுகளாகி, முகவரியில் 45 எழுத்துகளாக விரிகின்றன. ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் இரு குறியீடுகளாகவும் எழுத இயலும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. ஆதலின் எவ்வடிவம் ஏற்கப்படும் என்பதை ஆவணம் சுட்ட வேண்டும். வழிமாற்றுத் தலைப்புகளின் பார்வைகள் தனியே எண்ணப்படுவதால், ஒரு தலைப்பின் எண் அப்பொருளுக்கான முழு எண்ணாகாது.

இன்மையும் பிழையும்
தரவு இல்லாதபோது இச்சேவை 404 என்னும் பிழையைத் தருகிறது. பார்வையே நிகழாமை, தரவு இன்னும் ஏற்றப்படாமை ஆகிய இரண்டும் இதற்குக் காரணமாகலாம். இதனைச் சுழியம் எனக் கொள்ளும் முகவர், தரவு ஏற்றப்படாத நாளை வாசகரே வராத நாளாகக் காட்டிவிடும். 'இப்பிழையைச் சுழியமாகக் கொள்ளற்க. பயனருக்குத் தெரிவிக்க' என்னும் ஒரு தொடர் ஆவணத்தில் இருப்பின் இத்தவற்றைப் பெரிதும் தவிர்க்கலாம்.

முடிவுரை
எக்கட்டுரையை விரிவாக்குவது, எத்துறைக்கு உழைப்பைச் செலவிடுவது என்பன போன்ற முடிவுகளைத் தன்னார்வலர்கள் இத்தகைய எண்களைக் கொண்டே எடுக்கின்றனர். முகவர் தரும் விடை தெளிந்த நடையில் அமைவதால் அதன் பிழை எளிதில் புலப்படாது. ஆகவே, உள்ளீட்டுப் பட்டியலோடு சொற்பொருள் வரையறை, காலவரம்பு, வகைப்பாட்டு மாற்றம், பிழையின் பொருள் ஆகியனவும் கருவியின் விளக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். அவ்விளக்கம் கருவியின் ஓர் உறுப்பே என்பது இக்கட்டுரையின் துணிபு.