திருமண அழைப்பிதழின் எழுவாய்

முன்னுரை

தமிழ் பயின்றார்க்கு உற்றாரும் நண்பரும் இடும் பணிகள் சில உள. குழந்தைக்குப் பெயர் தேர்தல், மணமக்கட்கு வாழ்த்துப்பா யாத்தல், நினைவு மலர்க்கு முகவுரை வரைதல் என்பன அவை. அவற்றுள் அடிக்கடி எம்மை நாடி வருவது திருமண அழைப்பிதழ் எழுதித் தருதலாகும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் சுற்றத்தார்க்கும் உடன் பணியாற்றுவோர்க்கும் யாம் எழுதிக் கொடுத்தவை முப்பதிற்குக் குறையா. தாளின் நிறத்தையும் எழுத்தின் அளவையும் முகப்பிற் பொறிக்கும் படத்தையுங்கூட எம்மிடமே விட்டுவிடுவார் உளர். அப்பணியின்பொழுது எமக்குப் புலனாகிய சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

அழைப்பிதழ் இலக்கியம் அன்று. நாள் கடந்ததும் ஒதுக்கப்படும் தாளே. ஆயினும், வேறொன்றும் அச்சிடாத குடும்பமும் இஃதொன்றனை அச்சிடும். ஒவ்வொரு சொல்லையும் பலர் கூடியிருந்து ஆய்ந்தே அச்சிடும். ஆதலின், ஒரு குடும்பம் தன்னை உலகிற்கு எங்ஙனம் அறிவிக்க விரும்புகின்றது என்பதனை இதுபோல் தெளிவுறக் காட்டும் உரைநடை பிறிதில்லை எனலாம்.

பறையும் ஓலையும்

மணநிகழ்ச்சியை விரித்துரைக்கும் அகநானூற்று 86, 136 ஆம் பாடல்கள் விருந்தினரை அழைத்த முறையைக் கூறவில்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலிலேயே அழைப்பு வெளிப்படையாகக் காணப்படுகின்றது. மகளிரை யானையின் எருத்தத்து ஏற்றிப் புகார் நகரத்தார்க்கு மணச்செய்தியை அறிவித்தனர் என்பர் இளங்கோவடிகள். கம்பராமாயணத்து எழுச்சிப் படலத்திலோ இருமுறையும் உள. சனகனின் தூதர் தயரதனுக்கு ஓலை கொணர்கின்றனர். அயோத்தி மாந்தர்க்கு வள்ளுவன் யானைமேலிருந்து பறையறைகின்றான். அரசனுக்கு ஓலையும் மக்களுக்குப் பறையும் என்னும் வேறுபாடு நோக்கத்தக்கது.

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணம் 'மணவினை ஓலை' என்றே ஒன்றனைக் குறிப்பிடுகின்றது. இது விருந்தினரை அழைக்கும் ஓலை அன்று. இருவீட்டாரிடையே மணத்தை உறுதி செய்வது. இன்றைய இலக்கினப் பத்திரிகையை ஒத்தது எனக் கருதலாம். அதனை ஏந்திச் சென்றோருள்ளும் எதிர்கொண்டோருள்ளும் மகளிரும் ஆடவரும் ஒருங்கே இருந்தனர் எனச் சேக்கிழார் கூறுதல் நினைவிற் கொள்ளற்பாலது. அவ்வோலையால் கூடிய மணத்தை அடிமை ஓலை என்னும் பிறிதோர் ஓலை தடுத்தது. ஓலையில் யார் பெயர் எவ்விடத்து நிற்கின்றது என்பது வாழ்வையே திருப்பவல்லது என்பதற்கு அப்புராணமே சான்றாகும்.

அமைப்பு

இக்கால அழைப்பிதழ் ஐந்து உறுப்புக்களை உடையது. பிள்ளையார் சுழி முதலாகிய மங்கலச் சொல், 'அன்புடையீர்' என்னும் விளி, நாளும் ஓரையும், மணமக்களின் குடிவழி, அழைப்போர் பெயர் என்பன அவை. இவ்வமைப்பு அச்சுப்பொறியுடன் வந்ததன்று. சோழர் காலக் கல்வெட்டுக்களை நோக்குவார்க்கு இதன் பழமை விளங்கும். அவை 'ஸ்வஸ்தி ஸ்ரீ' எனத் தொடங்கும். அரசனது ஆட்சியாண்டினைக் கூறும். ஞாயிறு நின்ற இராசியாற் பெயர்பெறும் திங்கள், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் ஆகியவற்றை முறையே அடுக்கும். பின்னர்க் கொடையைக் கூறிக் கையெழுத்திட்டார் பெயருடன் முடியும். கிழமையும் 'பெற்ற' நாள் எனக் கல்வெட்டுக் கூறுவதனை, யோகமும் 'கூடிய' சுபதினம் என அழைப்பிதழ் கூறுகின்றது. விளியொன்றே கல்வெட்டில் இல்லாதது. அது திருமுகம் எழுதும் மரபிலிருந்து வந்து சேர்ந்தது எனலாம். எனவே, அழைப்பிதழ் பாதி ஆவணம், பாதி மடல் என்பது பெறப்படும்.

சொல் மாற்றம்

முன்னை அழைப்பிதழ்கள் 'விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை' என்னும் தலைப்புடையன. அவற்றில் மணமகன் சிரஞ்சீவி, மணமகள் சௌபாக்கியவதி, முன்னவன் கனிஷ்ட குமாரன், பின்னவள் ஜேஷ்ட குமாரத்தி, வருவோர் இஷ்டமித்திர பந்துக்களோடு வருவர். 1916 ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் பயன் நூல்களிற் காணப்படும் அளவிற்கு அழைப்பிதழ்களிலும் காணப்படுகின்றது. 'திருமண அழைப்பிதழ்', 'திருவளர்ச்செல்வன்', 'திருநிறைச்செல்வி', 'இளைய மகன்', 'மூத்த மகள்', 'சுற்றமும் நட்பும் சூழ' என்பன இன்று யாவர்க்கும் இயல்பான சொற்களாகிவிட்டன.

தன்மதிப்பு இயக்கத்தாரின் மணங்கள் வேறொரு மாற்றத்தையும் விளைத்தன. அவ்வழைப்பிதழ்களில் ஓரையும் திதியும் நீங்கின. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என மாநாட்டு அழைப்பினை ஒத்த நிரல் புகுந்தது. அம்மணங்கட்கு 1967 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் முறைமை வழங்கியது.

எழுவாய் யாது?

இனி, தொடரிலக்கணம் பற்றி நோக்குவோம். அழைப்பிதழின் நடுப்பகுதி பெரும்பாலும் ஒரே வாக்கியமாகும். 'நிகழும்' என்று தொடங்கிப் பெயரெச்சங்களையும் வேற்றுமைத் தொடர்களையும் அடுக்கி, 'பெரியோர்களால் உறுதி செய்யப்பட்டு' என்னும் செயப்பாட்டு வினையெச்சத்தையும் 'நடைபெற இருப்பதால்' என்னும் காரணத் தொடரையும் கடந்து, 'வேண்டுகின்றோம்' என்னும் முற்றில் அது சென்று நிற்கும். இம்முற்றுத் தன்மைப் பன்மை. இதன் எழுவாய் 'யாம்' என்பது. அது வாக்கியத்துள் தோன்றுவதில்லை. அத்தோன்றா எழுவாய் யாவரைச் சுட்டுகின்றது என்பதனைக் கீழே நிற்கும் அழைப்போர் பெயர்களே அறிவிக்கின்றன. ஆகவே, அவ்விடத்துப் பெயர் பெறாதார் எவரோ அவர், மணப்பந்தலில் எத்துணைப் பணி செய்யினும், இலக்கண நெறியால் அழைப்போர் அல்லர்.

இக்கருத்தை எமக்கு உணர்த்தியது ஒரு நிகழ்ச்சி. உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் தம் தமக்கை மகளின் மணத்திற்கு அழைப்பிதழ் எழுதித் தருமாறு குறிப்புக் கொணர்ந்தார். பெண்ணின் தந்தையார் அவள் சிறு குழவியாயிருந்தபொழுதே மறைந்தவர். தாயார் தையற்றொழில் செய்து மகளைப் படிக்க வைத்தவர். குறிப்பில் அழைப்போராகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் இருந்தனர். பெண், 'காலஞ்சென்ற இன்னாரின் மகள்' எனப்பட்டாள். தாயின் பெயர் ஓரிடத்தும் இல்லை. மறதியோ என வினவினோம்; வழக்கம் இல்லை என்றார் நண்பர். அத்தாயாரும் தம் பெயர் வேண்டா என்று கூறிவிட்டதாக அறிந்தோம்.

யாம் அவ்வோலையைச் செம்மையான தனித்தமிழில் எழுதிக்கொண்டிருந்தோம். சௌபாக்கியவதியை நீக்கித் திருநிறைச்செல்வி எனவும் எழுதியாயிற்று. கணவனுடைய நல்வாழ்வொடு பிணைந்த சொல் போயிற்று. அச்சொல்லுக்குப் பின் நின்ற கருத்தோ, கைம்மையுற்ற தாயை அழைப்போர் வரிசையினின்றும் விலக்கி, அவ்வாறே இருந்தது. சொல் மாறியும் எழுவாய் மாறவில்லை. முப்பது அழைப்பிதழ்களை எழுதிய யாமும் அதுகாறும் அதனை நோக்காதிருந்தமை எமக்கு நாணந் தந்தது.

தடையும் விடையும்

இதற்குப் பழந்தமிழ் மரபே சான்று என்பார் உளர். அகநானூற்று 86 ஆம் பாடலில் மணமகளை நீராட்டுவோர் புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் எனக் கூறப்படுதலை அவர் காட்டுவர். அஃது உண்மையே. ஆயின், அது நீராட்டுச் சடங்கினைச் செய்தற்குரியாரைப் பற்றியது. மணத்தை அறிவித்தற்குரியாரைப் பற்றியதன்று. தொல்காப்பியக் கற்பியலும் கொடுத்தற்குரியோர் கொடுப்பக் கொள்வதனைக் கூறிப் பின், கொடுப்போர் இல்லாவிடத்தும் கரணம் உண்டு என்று கூறுகின்றது. கொடுத்தற்குரியார் ஆடவரே என்றோ, கணவனுடையாரே என்றோ அந்நூற்பா வரையறுக்கவில்லை. சிலம்பில் மணவணி காண விழைந்தோர் 'இருபெருங் குரவர்' எனப்படுகின்றனர்; 'இருமுது குரவர்' எனப் பின்னர்க் கோவலன் கூறுமிடத்து அத்தொடர் தாய் தந்தையர் இருவரையும் சுட்டுதல் தெளிவு.

மங்கல ஆவணத்தில் கைம்மையுற்றார் பெயர் நிற்றல் ஆகாது என்னும் கூற்றும் கல்வெட்டின்முன் நில்லாது. கண்டராதித்தரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் கணவர் மறைந்தபின் நெடுங்காலம் வாழ்ந்து, கோனேரிராசபுரம் முதலாகிய பல ஊர்களிற் கோயில்களைக் கற்றளியாக்கினார். அவ்வறங்களைக் கூறும் கல்வெட்டுக்கள் மங்கலச் சொல்லொடு தொடங்குகின்றன. அவரை உத்தம சோழரைத் 'திருவயிறு வாய்த்த' பிராட்டியார் எனப் போற்றுகின்றன. அரசியார்க்கு ஒத்தது குடிமகளுக்கு ஒக்குமோ எனின், மகப்பெற்றமையே அங்கும் பெருமைக்கு ஏதுவாகக் கூறப்படுதலின் ஒக்கும் என்க.

இவற்றை யாம் நண்பர் வீட்டில் விரித்துரைக்கவில்லை. ஈற்றுத் தொடரை மட்டும் படித்துக் காட்டி, வேண்டுவோர் யாவர் என வினவினோம். பெரியப்பா சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், பிள்ளையை வளர்த்தவளே அழைக்க வேண்டும் என்று கூறித் தம் பெயர்க்கு மேலே தாயின் பெயரைத் தம் கையாலேயே எழுதினார். முதிய பாட்டியார் ஒருவர் உடன்படவில்லை. அவர் மணநாள்வரை அதுபற்றிப் பேசவும் இல்லை. மணமகன் வீட்டார் தமக்கெனத் தனியே அச்சிட்ட அழைப்பிதழில் மணமகள் 'காலஞ்சென்ற இன்னாரின் மகள்' என்றே இருந்தாள். ஒரே மணத்தின் அழைப்பிதழ் இரண்டும் எம் மேசைமேல் உள்ளன. இரண்டும் நல்ல தமிழே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அழைப்பிதழின் அமைப்புக் கல்வெட்டு மரபொடு தொடர்புடையது என்பதும், கடந்த நூற்றாண்டில் அதன் சொற்கள் பெரிதும் தமிழாயின என்பதும், தொடரின் எழுவாய் மட்டும் பல குடும்பங்களில் பழைய நிலையிலேயே நிற்கின்றது என்பதும் பெறப்பட்டன. அச்சுக் கோத்த காலம் போய்க் கைப்பேசித் திரையில் அழைப்பு வரும் இந்நாளிலும், ஆயத்தமாயுள்ள வாசகத்தில் பெயரை மட்டும் மாற்றி இடுவதே பெருவழக்கு. ஆதலின் பழைய எழுவாயும் உடன் வருகின்றது. மாவட்டந்தோறும் பழைய அழைப்பிதழ்களைத் திரட்டி, அழைப்போர் வரிசையை ஆண்டுவாரியாக ஒப்பிடுதல் முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வாகும். வீட்டுப் பெட்டிகளில் அவை இன்னும் மஞ்சட் கறையுடன் கிடக்கின்றன.

தமிழ் கற்றார்க்கு ஒன்று கூறி அமைவோம். அழைப்பிதழ் எழுதித் தருமாறு குறிப்பு வரும்பொழுது, வடசொல் உளதா எனத் தேடுமுன், தாயின் பெயர் உளதா என நோக்குதல் நன்று.