மரை கழலாமல் காக்கும் ஒரு துளி

ஒருவர் ஏறுமாறாகப் பேசினால், "அவருக்கு மரை கழன்றுவிட்டது" என்று கேலி செய்வோம். திருகாணியின் உடலைச் சுற்றிச் சுற்றி ஏறும் வரிப்பள்ளம்தான் மரை. கேலிப் பேச்சில் அது கழன்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பறக்கும் டிரோனில் கழன்றால்?

பேராக்கில் முன்பு ரப்பர் தோட்டங்களாக இருந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று செம்பனை. அந்த மரங்களை மேலிருந்து படம் எடுக்கவும் மருந்து தெளிக்கவும் இப்போது டிரோன்கள் வந்துவிட்டன. உங்களில் சிலர் பள்ளியின் ரோபோட்டிக் மன்றத்தில் சிறிய டிரோன் ஒன்றைப் பொருத்தியும் பார்த்திருப்பீர்கள். நான்கு விசிறிகள் உள்ள டிரோனில் ஒரு விசிறி கழன்றாலே போதும், அது சமநிலை இழந்து சுழன்று கீழே விழும். அது விழும் இடத்தில் ஆட்கள் நிற்கலாம். பல சிறிய டிரோன்களில் அந்த விசிறியைப் பிடித்து வைத்திருப்பவை அரிசி மணி அளவுள்ள ஓரிரு திருகாணிகளே.

இறுக்கிய திருகாணி ஏன் தளர்கிறது?

திருகாணியை இறுக்கும்போது அதன் உடல் மிக நுண்ணிய அளவில் நீளுகிறது. இழுத்த வில்சுருளைப் போல அது பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. இந்த இழுவிசை மரைகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. அழுத்தத்தால் உராய்வு பிறக்கிறது. அந்த உராய்வுதான் திருகாணியைத் திரும்ப விடாமல் நிறுத்தி வைக்கிறது.

இப்போது ஒரு சிறு சோதனை. அடிக்கோலைச் சற்றே சாய்த்துப் பிடித்து, அதன் மேல் ஓர் அழிப்பானை வையுங்கள். உராய்வு இருப்பதால் அது நிற்கும். கோலின் சாய்வை மாற்றாமல் பக்கவாட்டில் படபடவென ஆட்டுங்கள். அழிப்பான் மெல்லக் கீழே நகரத் தொடங்கும். உராய்வின் வலிமையெல்லாம் பக்கவாட்டு அசைவைத் தடுப்பதில் செலவாகிவிட, கீழ்நோக்கிய சரிவைத் தடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை.

திருகாணியின் மரையும் ஒரு சாய்தளம்தான். நீளமான சாய்தளத்தை ஓர் ஆணியைச் சுற்றிச் சுருட்டினால் மரை கிடைத்துவிடும். பக்கவாட்டு அதிர்வு அதையும் "சரிய" வைக்கிறது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் இதை ஆய்வின் வழி விளக்கினார். திருகாணியின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்காக வரும் அதிர்வே அதை வேகமாகத் தளர்த்துகிறது. இன்றும் பொறியாளர்கள் திருகாணிகளைச் சோதிக்கும் முறை ஒன்று அவர் பெயரால் வழங்குகிறது.

டிரோனுக்கு வருவோம். ஒரு விசிறி நிமிடத்துக்கு 10,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 நிமிடம் பறந்தால் 100,000 சுற்றுகள். விசிறியின் ஓரம் சற்றே சிதைந்திருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் உதறல் உண்டாகும். அப்படியானால் ஒரே பயணத்தில் திருகாணிக்கு 100,000 உதறல்கள்!

காற்று இருந்தால் நீர்மம், இல்லாவிட்டால் திடம்

இதற்கான மருந்து, மரைப் பசை என்னும் நீர்மம். திருகாணியை எவ்வளவு இறுக்கினாலும் மரைகளுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். பசை அங்கே புகுந்து இறுகி, திருகாணி அசைய இடமில்லாமல் செய்துவிடுகிறது.

இது சாதாரணப் பசையைப் போல உலர்ந்து இறுகுவதில்லை. இதில் இருப்பவை மெத்தாக்ரிலேட் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறுகள். இவை கைகோத்து நீண்ட சங்கிலியாக, அதாவது பாலிமராக, மாறத் துடிப்பவை. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறுக்கே புகுந்து, தொடங்கும் ஒவ்வொரு சங்கிலியையும் அறுத்துவிடுகிறது. மரைகளுக்கு இடையில் ஆக்சிஜன் புக வழியில்லை. அங்கே இரும்பு, செம்பு போன்ற உலோகங்களின் அயனிகள் வினையைத் தூண்டிவிடுகின்றன. சங்கிலிகள் வளர்கின்றன, பசை இறுகுகிறது.

உங்கள் தாத்தா பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியிருந்தால், காத்திருக்கும் நீர்மம் அவர்களுக்குப் புதிதல்ல. 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் பேராக் எங்கும் தோட்டங்கள் பரவின. மங்கில் சேரும் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பார்கள். உறைய வேண்டும் என்றால் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களின் எதிர்மின்னேற்றத்தை அமிலம் சமன்செய்ததும் அவை மோதி ஒட்டிக்கொள்கின்றன. இதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். பாலில் பாலிமர் ஏற்கெனவே இருக்கிறது, அமிலம் அதைத் திரட்டுகிறது. மரைப் பசையிலோ பாலிமர் அந்த இடத்திலேயே உருவாகிறது.

காற்றை ஊதிக்கொண்டே இருந்தார்கள்

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இத்தகைய நீர்மம் ஒன்று முன்பே இருந்தது. ஆனால் அது இறுகிவிடாமலிருக்க அதற்குள் ஓயாமல் காற்றை ஊத வேண்டியிருந்தது. கடையில் விற்கும் பொருளா அது?

ஹார்ட்ஃபர்ட் நகரிலிருந்த டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953 வாக்கில் இதற்குத் தீர்வு கண்டார். காற்று ஊதாமலே நீர்மமாக நிற்கும் கலவையை அவர் உருவாக்கினார். அதுதான் லாக்டைட். அதை அடைக்க, ஆக்சிஜன் மெல்ல ஊடுருவக்கூடிய பாலித்தீன் புட்டி பயன்பட்டது. இன்றும் மரைப் பசைப் புட்டியில் பாதியளவு வெற்றிடமாகவே இருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்தக் காற்றுதான் பசையை உயிரோடு வைத்திருக்கிறது.

எந்த நிறம், எவ்வளவு?

நிறம் பெரும்பாலும் வலிமையைக் குறிக்கும். ஊதா குறைந்த வலிமை, நீலம் நடுத்தரம், சிவப்பு மிக அதிகம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறக்கூடும் என்பதால் புட்டியில் உள்ளதைப் படித்துவிடுங்கள். சிறிய திருகாணிக்கு ஊதா ஏற்றது. நீலமும் மிகச் சிறு அளவில் உதவும். சிவப்பைத் தொடாதீர்கள். அதைக் கழற்ற ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டியிருக்கும். மோட்டாரிலுள்ள காந்தங்கள் அதற்கு வெகு முன்பே வலுவிழந்துவிடும்.

செய்யும் முறை இதுதான்:

1. முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கையுறை அணியுங்கள். இந்தப் பசை சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

2. திருகாணியிலும் துளையிலும் உள்ள எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர விடுங்கள்.

3. குண்டூசி முனையால் பசையைத் தொட்டு, மரையின் நுனிப்பகுதியில் மட்டும் தடவுங்கள். அதிகமானால் மோட்டாரின் பேரிங்குக்குள் வழிந்து அதையும் பூட்டிவிடும்.

4. சரியான அளவுள்ள திருப்புளியால் இறுக்கி, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். அலுமினியத்திலும் துருவேறா எஃகிலும் பசை மெதுவாகவே இறுகும்.

திருகாணி நேராகப் பிளாஸ்டிக்கில் இறங்குகிறது என்றால் இந்தப் பசை கூடாது. அங்கே உலோக அயனி போதாது, பசை சரியாக இறுகாது. அதோடு பாலிகார்பனேட், ஏபிஎஸ் போன்ற பிளாஸ்டிக்குகளில் பசை பட்டால் விரிசல் விழலாம். விரிசல் விட்ட விசிறி, தளர்ந்த திருகாணியைவிட ஆபத்தானது. சில டிரோன்களுக்கு மாற்று விசிறி வாங்கும்போது, பசை பூசிய புதிய திருகாணிகளும் கூடவே வரும். அவை இருந்தால் பழையவற்றை மீண்டும் போட வேண்டாம்.

ஒரு வாஷரின் விலை

பசை மட்டும் போதாது என்பதற்கு ஒரு விமான விபத்து சாட்சி. 2007 ஆகஸ்ட் 20 அன்று, சைனா ஏர்லைன்ஸின் போயிங் 737-800 விமானம் ஜப்பானின் ஒக்கினாவா தீவிலுள்ள நாஹாவில் தரையிறங்கியது. நின்ற சற்று நேரத்தில் எரிபொருள் கசிந்து தீப்பற்றியது. உள்ளே இருந்த 165 பேரும் உயிர் தப்பினார்கள். விமானமோ எரிந்து அழிந்தது.

வலது இறக்கையின் முன்விளிம்பில் கழன்று விழுந்த போல்ட் ஒன்று, இறக்கையின் முன்மடிப்பை உள்ளே இழுத்தபோது நசுங்கி எரிபொருள் தொட்டியைத் துளைத்திருந்தது. அது கழன்றது எப்படி? நட்டு தளராமலிருக்க வேண்டும் என்பதற்காகவே சில வாரங்களுக்கு முன் பராமரிப்பு வேலை நடந்திருந்தது. அந்த வேலையின்போதுதான் ஒரு வாஷர் விழுந்து விடுபட்டிருக்க வேண்டும் என்று ஜப்பானிய விசாரணை அறிக்கை கூறியது. வாஷர் இல்லாததால், துளையைவிடச் சிறியதான நட்டு அதன் வழியே நழுவிவிட்டது. இறுக்கம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

ஆகவே பூசும் பசையைப் போலவே பார்க்கும் கண்ணும் முக்கியம். தொழில்நுட்பர்கள் பயன்படுத்தும் எளிய உத்தி ஒன்று உண்டு. இறுக்கி முடித்ததும், திருகாணியின் தலையிலிருந்து பக்கத்திலுள்ள பாகம் வரை நிறப்பேனாவால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் அதைப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் திருகாணி அசையவில்லை. கோடு உடைந்து விலகியிருந்தால், அன்று டிரோன் தரையிலேயே இருக்கட்டும்.