கணக்கு ஒரே பெட்டியில் இருக்கலாமா?

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பார்கள் பெரியவர்கள். எழுதி வைத்த கடனும் தண்ணீரோடு போகும் என்பதை 2015 டிசம்பரில் நாம் கண்டோம்.

அந்த மாதம் 1-ந் தேதி பெய்த பெருமழையில் அடையாறு கரை புரண்டு, முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. முடிச்சூர் சாலையில் உள்ள நமது கடையிலும் இடுப்பளவு தண்ணீர். போன சரக்குக்குக் கணக்குப் பார்க்கலாம் என்றால், கணக்கே போய்விட்டது. கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. காப்பி எடுத்த பென் டிரைவோ அதே மேசை டிராயரில்! தங்கள் கடையும் நனைந்த நிலையில், பற்று வரவு நோட்டைத் தேடி எடுத்துப் பாக்கியைத் தந்த சில்லறை வணிகர்களை நாம் மறக்க மாட்டோம்.

அதன்பின், கடைக்கு மேலுள்ள நம் வீட்டில் 'நாஸ்' எனப்படும் பொதுச் சேமிப்புப் பெட்டியை வைத்தோம். உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க். ரவுட்டரில் வயர் மூலம் இணைத்தால், பில் போடும் இடத்திலும், கணக்குப்பிள்ளை மேசையிலும், மாடியிலும் ஒரே பைலைத் திறக்கலாம்.

வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ரவுட்டரில் பெட்டிக்கு மாறாத ஐ.பி. எண் ஒதுக்கச் சொல்லுங்கள். இல்லையேல் கரண்ட் போய் வந்தபின் எண் மாறி, கம்ப்யூட்டருக்குப் பெட்டி தெரியாமல் போகலாம். விண்டோஸில் 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்தால் அது இன்னொரு டிரைவ் போலத் திறக்கும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுங்கள். பில் போடும் பையனுக்குப் பில் போல்டர் மட்டும் போதும். பழைய வருடக் கணக்குகளைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள், திருத்த வேண்டாம். யு.பி.எஸ். அவசியம்.

இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று அசந்துவிடக் கூடாது. ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அழியும். 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகளில் இணையம் வழியே விஷமிகள் புகுந்ததால், உலகெங்கும் பலரது பைல்கள் அழிந்தன. அந்தப் பழைய பெட்டிகளுக்கு 2015-க்குப் பின் மென்பொருள் திருத்தம் வந்திருக்கவில்லை. ஆகவே பெட்டியை வெளி இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு காப்பி ஊரை விட்டு வெளியே இருக்க வேண்டும். நாம் வாரம் ஒருமுறை பாஸ்வேர்டு போட்ட தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, செங்கல்பட்டில் சம்பந்தி வீட்டில் வைக்கிறோம். ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் கெடுவிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்பதையும் மறவாதீர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரில் மீண்டும் தண்ணீர். நமக்குச் சரக்கு நஷ்டம் உண்டு. ஆனால் யார் எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதில் ஒரு ரூபாய் குழப்பம் இல்லை.

வணிகர்களே, வரும் ஞாயிறன்று கடை சாத்தியபின், உங்கள் காப்பியிலிருந்து போன வருட பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால், உங்களிடம் காப்பி இல்லை என்றே பொருள்.