டிரம்மில் ஒட்டிய லேபிளை நம்பலாமா?

பாதி தீர்ந்த இருமல் மருந்து பாட்டில் ஒன்று பிரிட்ஜ் கதவிலோ அலமாரி மூலையிலோ இல்லாத வீடு அபூர்வம். மூடியைத் திருகினால், கழுத்தில் உறைந்த பாகு நறநறக்கும். போன மழைக்காலத்துச் சளிக்கு வாங்கியது. 'இந்தச் சளிக்கும் இதுவே போதும்' என்று ஒரு மூடி அளந்து கொடுத்துவிடுகிறோம். இனிப்பாக இருப்பதால் குழந்தையும் முகம் சுளிக்காமல் குடித்துவிடுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துக் குழந்தைகளும் அப்படித்தான் குடித்தார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கும் சளிக்கும் கொடுக்கப்பட்ட 'கோல்ட்ரிஃப்' சிரப் அது. சில நாட்களில் சிறுநீர் நின்றுபோனது. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள்.

அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம்தான். ஏறக்குறைய பாதி பாட்டில் விஷம்!

பிரேக் ஆயிலில் இருப்பது சிரப்புக்குள் எப்படி?

காய்ச்சல் மருந்தான பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதைத் திரவ மருந்தாக்க ஒரு கரைப்பான் வேண்டும். மருந்துத் தரத்திலான புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை அதற்குத்தான் பயன்படுகின்றன. டைஎத்திலீன் கிளைக்காலும் ஒரு கரைப்பான்தான். ஆனால் அதன் இடம் பிரேக் ஆயில், அச்சு மை, ரெசின் தயாரிக்கும் ஆலைகள். பார்வைக்கு இவை ஒன்றுபோலவே இருக்கும்: நிறமில்லை, பாகு போன்ற பதம், லேசான இனிப்பு. தொழிற்சாலைத் தரச் சரக்கின் விலையோ குறைவு. டிரம்மின் லேபிளை மாற்றினால் போதும், எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது.

உடலுக்குள் போனதும் கல்லீரல் டைஎத்திலீன் கிளைக்காலைச் சிதைத்து டைகிளைக்காலிக் அமிலமாக்குகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழல்களைக் கொல்கிறது. முதலில் வாந்தி, வயிற்றுவலி. பிறகு சிறுநீர் குறைந்து அடியோடு நிற்கும். பிழைப்பவர்களுக்கும் முகவாதம், கை கால் தளர்ச்சி வரலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாற்று மருந்தும் டயாலிசிஸும் காப்பாற்றக்கூடும். ஆனால் சளி மருந்தின் மீது யாருக்குச் சந்தேகம் வரும்?

பழைய கதை

1937-ல் அமெரிக்காவில் 'எலிக்சிர் சல்ஃபனிலமைடு' என்ற மருந்தை இதே கரைப்பானில் கலக்கினார்கள். சுவை, மணம், தோற்றம் மூன்றையும் சரிபார்த்த நிறுவனம், நச்சுத்தன்மையைப் பார்க்கவில்லை. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அன்றைய சட்டப்படி சாட்ட முடிந்த குற்றம் என்ன தெரியுமா? ஆல்கஹால் இல்லாத மருந்தை 'எலிக்சிர்' என்று அழைத்தது! அந்த அவமானத்தில்தான் 1938-ல் புதிய மருந்துச் சட்டம் பிறந்தது.

நமக்கும் இது புதிதல்ல. 1972-ல் சென்னையிலேயே 15 குழந்தைகளை இந்த விஷம் கொன்றது. 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் கலப்படக் கிளிசரினுக்கு 14 நோயாளிகள் பலியானார்கள். 1998-ல் குர்கான், 2020-ல் ஜம்மு. 2022-ல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோது, அங்கே போயிருந்ததும் இந்திய சிரப்தான்.

2006-ல் பனாமாவுக்கு வந்த டிரம்களின் கதை இன்னும் பாடம் சொல்லும். சீனாவில் புறப்பட்டு, ஸ்பெயின் வழியாகப் பல வியாபாரிகள் கைமாறி வந்தன. மேலே 'கிளிசரின்' என்ற லேபிள். வழியில் ஒருவரும் மூடியைத் திறந்து சோதிக்கவில்லை. அரசே தயாரித்த இருமல் மருந்தில் அது கலந்து, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு அதே நாட்டில் கடைக்குப் போன ஒரு சாதாரண மனிதர், பற்பசை டியூபில் 'டைஎத்திலீன் கிளைக்கால்' என்று எழுதியிருந்ததைப் படித்துப் புகார் செய்தார். அதன்பின் பல நாடுகளில் அந்தப் பற்பசைகள் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன.

ஒரு சொட்டுச் சோதனை

இந்த விஷத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. சிலிக்கா பூசிய சிறு தகட்டின் அடியில் டிரம்மிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்தில் சுத்தமான மாதிரி ஒரு சொட்டு. தகட்டின் நுனியை வேறொரு திரவத்தில் நிறுத்தினால், ஈரம் மேலேற ஏற ஒவ்வொரு பொருளும் தன் உயரத்தில் நின்றுவிடும். சாயம் ஏற்றிப் பார்த்தால் புள்ளிகள் தெரியும். விஷம் இருந்தால் தனிப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். காஞ்சிபுரம் ஆலையில் அதிகாரிகள் பட்டியலிட்ட 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகளைப் பார்த்தால், அங்கே சோதனைக்கு என்ன மதிப்பு இருந்தது என்று புரியும்.

பெற்றோர் முகர்ந்தோ நக்கியோ இந்த விஷத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மருந்தையே தவிர்க்கலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து கூடாது, ஐந்து வயது வரையிலும் பொதுவாக வேண்டாம் என்கிறது மத்திய சுகாதாரத் துறையின் அறிவுரை. பெரும்பாலான சளி தானே போய்விடும். வெந்நீரும் ஓய்வும் போதும். ஒரு வயது தாண்டியிருந்தால் கொஞ்சம் தேன். பழைய பாட்டிலை இன்றே அப்புறப்படுத்துங்கள். சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மீதி வேலை அரசுடையது. காம்பியா துயரத்துக்குப் பிறகு, 2023 ஜூன் 1 முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் சான்று கட்டாயமானது. சிந்த்வாராவில் விற்ற பாட்டிலுக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. கப்பல் ஏறும் மருந்துக்கு உள்ள சோதனை, நம் தெருமுனை மருந்துக் கடைக்கு வரும் மருந்துக்கும் வேண்டும்.